சால்வை போர்த்திய தென்னை

இது என்ரை வேர்வை இல்லை. மரத்தின்ரை வேர்வை. மரத்துக்கு வேர்க்குது, நான் துடைக்கிறன், அவ்வளவுதான். வேற ஒண்டும் யோசிக்கக் கூடாது.

ஒவ்வொரு காலையிலும் சுகந்தினி இதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டுதான் அந்தச் சிறிய ஏணியில் ஏறினாள். கையில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி. கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒஸ்லோவின் ஒக்டோபர், புல் நுனிகளில் உறைபனி. உள்ளே, கணவனின் அக்கா தேவி மச்சாள் தன் வீட்டின் பின்பக்கத்தை இடித்துக் கட்டிய கண்ணாடி அறையின் நடுவில், குட்டைத் தென்னை ஒன்று காய்த்து நின்றது.

ஓலைகள் பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு அந்த வளையம் இருந்தது. விற்கிறவர்கள் அதற்குச் சால்வை என்று பெயர் வைத்திருந்தார்கள். மரத்தைக் குளிராமல் வைத்திருப்பதால் அந்தப் பெயராம். சதை என்ற சொல்லை அவர்கள் எங்கும் பாவிப்பதில்லை. ஆனால் தண்டின் சொரசொரப்பு முடிகிற இடத்தில் சட்டென்று தொடங்குவது தோல்தான். மாநிறத் தோல். அவளுடைய நிறம். துணி பட்டதும் அது சிலிர்த்தது. புள்ளி புள்ளியாகத் தடித்து, மெல்லிய மயிர்கள் எழுந்து நின்றன. அந்த மயிரை அடிக்கடி சிரைத்துவிட வேண்டும். விட்டால் வேர்வை அதற்குள் தங்கிப் புளித்துவிடும். போன வருடம் இடப்பக்கத்தில் ஒரு மறு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் துடைக்கிறாள்.

வடக்கே, கடல் உறைகிற ஒரு துறைமுகத்தில், மீன் தொழிற்சாலையில் வருடக்கணக்காகக் குடல் வழித்தவள் அவள். விரலிடுக்கில் ஈரலும் செதிலும் ஒட்டிக் கிடக்க, நின்றபடியே பாண் துண்டைக் கடித்துச் சாப்பிட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் வராத குமட்டல் இப்போது வருகிறது. மீன் குளிர்ந்திருந்தது, அதனாலாக இருக்கலாம். குளிர்ந்ததைக் கை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும். இது காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்து மடிப்பைப் போல ஈரமாகச் சுட்டது. அழுத்தித் துடைத்தால் உள்ளே ஏதோ அசைந்து விலகிக்கொடுத்தது.

வீட்டில் வேறு யாரும் அதைத் துடைப்பதில்லை. மச்சாள் காய் பறிப்பார், ஓலை கழிப்பார், ஊட்டத் தண்ணீர் ஊற்றுவார். சால்வைக்குக் கிட்டக் கை போகும்போது மட்டும் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஒதுங்குவார்.

"அது உம்மடைதானே சுகந்தி. உமக்கு அரியண்டமா இருக்காது."

அந்த மரத்தின் தேங்காயை அவள் ஒரேயொரு முறை சாப்பிட்டாள். மச்சாள் சம்பல் இடித்து, பிட்டோடு தட்டில் வைத்துக் கொடுத்தார். உறைப்பு, புளி, உப்பு எல்லாம் சரியாக இருந்தன. அவற்றுக்கு அடியில் ஒரு மணம் கிடந்தது. எங்கேயோ தெரிந்த மணம். இரண்டாவது வாயில் கண்டுபிடித்துவிட்டாள். வெயில் காணாத அவளுடைய தலையணை உறையின் மணம். குளியலறைக்குப் போய்ச் சத்தி எடுத்துவிட்டு வந்து, வயிறு சரியில்லை என்று சொன்னாள். மற்றவர்களுக்கு அந்த மணம் தெரியவில்லை. மகள் இயலினி விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள்.

வெப்பநாடுகளில் தென்னைக்குள் ஒரு குருத்தழுகல் புகுந்து, தோட்டம் தோட்டமாக மொட்டையாகி, தேங்காய் ஏற்றுமதி நின்று பல வருடங்களாகிவிட்டன. முதலில் கடைகளில் காய் இல்லாமல் போனது. பிறகு உறைய வைத்த தேங்காய்ப்பூ, பிறகு ரின்னில் அடைத்த பால். நோர்வேத் தமிழர் ஓட்ஸ் பாலில் சொதி வைத்துப் பார்த்தார்கள். பாதாமை இடித்துச் சம்பல் என்று சொல்லிப் பார்த்தார்கள். கோயிலில் உடைக்கத் தேங்காய் இல்லாமல் பூசணிக்காய் உடைத்தார்கள். அந்த நேரத்தில்தான் இந்த மரம் வந்தது. குளிர்காலத்தில் மின்சாரத்துக்குக் கட்டுப்பாடு. சூடாக்கி போட்டு மரம் வளர்க்க வழியில்லை. இதற்குச் சூடாக்கியே வேண்டாம் என்றார்கள்.

மரம் பார்க்க வருகிறவர்களுக்கு மச்சாள் அறை வாசலில் நின்று விளக்கம் சொல்லுவார். கீழே துணி பிழிந்துகொண்டிருக்கிற சுகந்தினிக்கு அது மனப்பாடம்.

"பாருங்கோ, மனுச உடம்பில ரெண்டு வகைக் கொழுப்பு இருக்கு. ஒண்டு சும்மா தொங்குற கொழுப்பு, அது எங்கள் எல்லாரிட்டையும் தாராளமா இருக்கு." இந்த இடத்தில் வந்தவர்கள் சிரிப்பார்கள். "மற்றது பழுப்புக் கொழுப்பு. பிடரியிலயும் தோளுக்கு நடுவிலயும் இருக்கும். அது சீனியைத் திண்டு சூடு குடுக்கும். அந்தக் கொழுப்பில கொஞ்சம் எடுத்து வளர்த்து மரத்தில சுத்தி விடுகினம். மரம் வெளிச்சத்தில சீனி செய்யுது, சால்வை சீனியைத் திண்டு மரத்தைச் சூடா வச்சிருக்குது. ஆளுக்காள் உதவி."

"உது ஆரின்ரை கொழுப்பு?" என்று யாராவது கேட்பார்கள்.

"எங்கட வீட்டு ஆக்களின்ரைதான்."

பெயர் சொன்னதில்லை. மச்சாள் முதலில் தன்னுடையதைத்தான் கொடுத்துப் பார்த்தார். அது ஒரு பூச்சாடியைக்கூடச் சூடாக்கவில்லை. நாள் முழுதும் சூடேற்றிய வீட்டுக்குள் இருந்த உடம்புகளில் அந்தக் கொழுப்பு வற்றிப்போயிருந்தது. அது ஊறிக் கிடந்தது குளிரில் நின்று வேலை செய்தவர்களிடம்தான். வடக்கே மீன் வெட்டியவர்கள், குளிர்கிடங்குகளில் பெட்டி அடுக்கியவர்கள். மரம் விற்கிற கொம்பனியில் இருந்து வந்த நிவேதன் என்ற பெடியன், ஒஸ்லோவில் பிறந்தவன், சுகந்தினியின் பிடரியில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, நீங்கள் ஒரு அடுப்பு" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கும் அன்று சிறிது பெருமையாக இருந்தது.

அதற்கு முன்பு அந்த வீட்டில் அவளுடைய உடம்பைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை. வடக்கில் தொழிற்சாலை மூடி, அவளும் கணவன் நகுலனும் சிறுமி இயலினியுமாக மச்சாள் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்த புதிதில், வெள்ளிக்கிழமைகளில் அவள் குசினிக்குள் போகக் கூடாது. "குறை நினையாதையும். உம்மட கையில இன்னும் அந்த மீன் மணம் கிடக்கு. சாமிக்குப் படைக்கிற சாமான் இருக்கிற இடம்." அவள் எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்தது. பிறகு அவளுடைய பிடரிச் சதையில் சூடு பிடித்த தேங்காய் கோயிலுக்கே போனது. அது சைவமா மச்சமா என்று நிர்வாக சபை கூடிக் கதைத்தது. எரு போட்டு வளர்த்த கத்தரிக்காய் சைவமென்றால் இதுவும் சைவம்தான் என்று தலைவர் முடித்துவைத்தார்.

சால்வையின் உயிர் சில வருடங்கள்தான். பிறகு அதே ஆளிடம் மறுபடி எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். மரம் ஒருவரின் சதைக்குப் பழகிவிட்டால் வேற்று இரத்தத்துச் சதையை ஏற்காது. சுகந்தினி இரண்டு தடவை கொடுத்துவிட்டாள். பிடரியில் ஒரு குழி, தோள்களுக்கு நடுவில் ஒரு குழி. அன்றிலிருந்து அவளுக்குக் குளிர் போகவில்லை. கோடையில், பக்கத்து வீட்டுக்காரர் அரைக்காற்சட்டையோடு புல் வெட்டும்போது, அவள் இரண்டு கம்பளிச் சட்டை போட்டு யன்னலோரம் இருப்பாள். உடம்புக்குள் எங்கோ ஒரு கதவு திறந்து கிடப்பது போலவும் அதை மூடத் தனக்குக் கை எட்டாதது போலவும் இருக்கும்.

இப்போது மரம் குரும்பைகளைக் கொட்டத் தொடங்கியிருந்தது.

அன்று பின்னேரம் கீழ்த்தளத்தில் நகுலன் தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வந்திருக்கிறான் என்று அந்த ஊதலிலேயே தெரிந்தது.

"அக்கா கவலைப்படுறா."

"என்னத்துக்கு?"

"மரத்துக்குத்தான். தேருக்கு முதல் தேங்காயெல்லாம் தாறன் எண்டு கோயிலுக்குச் சொல்லிப்போட்டா. குரும்பை கொட்டுதாம். நாளைக்கு நிவேதன் வாறானாம்."

"சால்வை புதுப்பிக்க வேணுமாமோ?"

"அப்பிடித்தான் இருக்குமப்பா." அவன் கோப்பையின் அடியைப் பார்த்தான். "நீர் இன்னொருக்காக் குடுக்கலாமோ எண்டு..."

"எங்கை இருந்து குடுக்கிறது? முதுகைத் திருப்பிக் காட்டட்டோ?"

அவளுடைய முதுகை அவன் பார்த்துப் பல காலம். படுக்கையில் தவறிக் கை பட்டால் அந்தக் குழிகளில் இருந்து அவன் விரல்கள் விலகிப் போகும். அதை அவள் மன்னித்திருப்பாள். ஆனால் போன தை மாதத்தில், காலையில் துணியோடு மேலே போனபோது, கண்ணாடி அறைக்குள் அவன் நின்றான். இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைச் சால்வையில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். குளிருக்காகத்தான் நின்றிருப்பான். வேலைக்குப் போகமுன் ஒரு நிமிடம் சூடு பிடிக்க. ஆனால் அவனுடைய முகத்தில் இருந்த அமைதியை அவள் கண்டுவிட்டாள். சால்வை அவன் கன்னத்தின் கீழ் மெல்லச் சிவந்திருந்தது. அவள் சத்தமில்லாமல் படியிறங்கிக் கீழே வந்து, கட்டிலில் இருந்து, துணியில் இருந்த வெந்நீர் ஆறும்வரை அதைக் கையில் வைத்திருந்தாள். அந்தச் சிவப்பை நினைத்தால் இன்றைக்கும் நாக்கின் அடியில் உமிழ்நீர் ஊறுகிறது, சத்தி வருமுன் ஊறுவதுபோல.

"டொக்டர் சொன்னவரெல்லே, இனி இடுப்புக்குப் பின்னால, சிறுநீரகத்துக்குப் பக்கத்திலதான் கொஞ்சம் மிச்சமிருக்கு எண்டு" என்றாள்.

"தெரியும். அதுதான் அக்கா இயலைப் பற்றியும் ஒரு கதை கேட்டவ."

"இயலைப் பற்றி என்ன?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டவ."

"என்ன கேட்டவ?"

"குழந்தையா இருக்கேக்க வடக்கில வெளியில கிடத்தி நித்திரையாக்கினதோ எண்டு. அவ்வளவுதான்."

கிடத்தியதுதான். அங்கே எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் செய்வார்கள். பாலர் பள்ளி முற்றத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் கம்பளிக்குள் ஒரு சிவந்த மூக்கு. பனி தூவினாலும் உள்ளே எடுக்கமாட்டார்கள். மச்சாள் அப்போது தொலைபேசியில் கத்தியிருக்கிறார், பிள்ளையை ஐஸ்பெட்டிக்குள்ள வச்சு வளர்க்கிறியளோ, உங்களுக்கு விசரோ என்று.

சுகந்தினி எழுந்து கோப்பையைக் கழுவினாள். அவளுடைய மனம் ஒரே நொடியில் ஒரு பேரத்தை முடித்துவிட்டிருந்தது. "என்னிலயே எடுக்கட்டும். இடுப்பிலயோ எங்கயோ. அக்காவிட்டைச் சொல்லுங்கோ, நான் ஓம் எண்டு."

நகுலனின் முகம் விரிந்தது. முழுதாக விரியவில்லை. அது ஏன் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நிவேதன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு கண்ணாடி அறைக்குள் வந்தான். மச்சாள், நகுலன், சுகந்தினி மூவரும் நின்றார்கள். பள்ளிக்கூடத்தால் வந்த இயலினி ஒரு கிண்ணத்தில் தேங்காய்ச் சொட்டு வைத்துக் கடித்துக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். பதினேழு வயது. தலைமயிரை உச்சியில் அள்ளி முடிந்திருந்தாள்.

நிவேதன் சால்வையைத் தட்டிப் பார்த்தான், கருவியை வைத்துப் பார்த்தான். முகத்தைச் சுளிக்காமல் அவன் அதைத் தொடுவதைச் சுகந்தினி கவனித்தாள். இறைச்சிக் கடைக்காரன் தொடுவதைப் போலத் தொட்டான்.

"சூடு நல்லா இருக்கு. சால்வை சாகேல்லை அன்ரி. அதுக்கு மாறா, வளர்ந்திட்டுது."

"வளர்ந்தா நல்லதுதானே தம்பி?" என்றார் மச்சாள்.

"எந்தப் பக்கம் வளர்ந்ததெண்டு பாக்க வேணும். ஒரு முத்தின காய் தாங்கோ."

உரித்த காயொன்றைக் கத்தியால் பிளந்து மேசையில் வைத்தான். வெள்ளைப் பருப்பு. அதற்கும் சிரட்டைக்கும் நடுவில் வழக்கமான பழுப்புத் தோல், கொஞ்சம் தடித்து, ஈரமாக. நிவேதன் சட்டைப் பையில் இருந்து ஒரு ஊசியை எடுத்து அந்தப் பழுப்பில் மெல்லக் குத்தினான்.

அது சுருங்கியது.

அவன் இன்னொரு இடத்தில் குத்தினான். குத்திய இடத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தடித்தது.

"குருத்துக்குள்ளால ஏறி, பாளைக்குள்ள போய், இப்ப காய்க்குள்ள வந்திட்டுது" என்றான். "இந்தப் பழுப்பெல்லாம் சால்வைதான். பருப்புக்குள்ளயும் நூல் நூலா ஓடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதுதான் மரம் குரும்பையைக் கொட்டுது. எல்லாத்துக்கும் தீனி போட அதால ஏலாமல் இருக்கு."

"எப்ப இருந்து?" என்றான் நகுலன்.

"சரியாச் சொல்ல ஏலாது அண்ணை. ஆனா கன காலமா இருக்க வேணும். காய்க்கத் தொடங்கின நாளாவே இருக்கலாம்."

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டார். கண்கள் சுவாமி அறைப் பக்கம் போயின. உதடுகள் அசைந்தன. போன வெள்ளி, அதற்கு முதல் வெள்ளி, கந்தசட்டி ஆறு நாள், கோயிலில் உடைத்தவை, அபிஷேகத்துக்குப் பிழிந்த பால். அவர் எண்ணிக்கொண்டிருப்பது சுகந்தினிக்குத் தெரிந்தது. அவளுக்குள் ஒரு சிறிய எதிர்பார்ப்பு எழுந்தது. இப்போது சொல்லுவார், வெட்டுங்கோ இந்த மரத்தை என்று. ஐயோ சுகந்தி என்று ஒரு சொல்லாவது வரும்.

"கோயிலாக்களுக்கு இது தெரிய வேண்டாம்" என்றார் மச்சாள் கடைசியில். "தெரிஞ்சு என்னத்தைச் செய்யிறது, குடுத்தது குடுத்ததுதான். இனி அங்க அனுப்பேக்க பழுப்பைச் சீவிப்போட்டு அனுப்புவம்." கொஞ்சம் யோசித்தார். "வீட்டில வெள்ளிக்கிழமையில பாவிக்காமல் விட்டாச் சரி. மற்ற நாளில நாங்கள் மச்சம் தின்னுற ஆக்கள்தானே."

யாராவது சிரிப்பார்கள் என்று சுகந்தினி பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. நகுலன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், சிக்கலான ஒன்றை யாரோ அவிழ்த்துக் கொடுத்துவிட்டதுபோல.

வாசலில் இயலினியின் தாடை மெல்லாமல் நின்றிருந்தது. கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது.

"பிள்ளை, வாயில கிடக்கிறதைத் துப்பு."

இயலினி தாயைப் பார்த்தாள். மேசையில் பிளந்து கிடந்த காயைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கடித்து, விழுங்கினாள்.

"உள்ள போட்டுது" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா அப்பிடிப் பாக்கிறீங்கள்? குழந்தையா இருக்கேக்க உங்களிட்டப் பால் குடிச்சனான்தானே. இதில என்ன பெரிய வித்தியாசம்?"

"பாத்தீரே! பிள்ளைக்கு விளங்குது, உமக்குத்தான் விளங்கேல்லை" என்று மச்சாள் சத்தமாகச் சிரித்தார். நிவேதனும் சிரித்தான். அறையில் இருந்த இறுக்கம் போய்விட்டது. சுகந்தினி மட்டும் மகளின் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஏறி இறங்கியதை அவள் கண்டிருந்தாள்.

"இதைத் திருத்தலாமோ தம்பி?" என்று மச்சாள் கேட்டார்.

"திருத்தலாம் அன்ரி. இளசா ஒரு சால்வை போட்டா அது பழசைத் தின்னும், மேல ஏற விடாது."

"என்னில எடுங்கோ" என்றாள் சுகந்தினி. அவசரமாகச் சொன்னாள். "இடுப்புக்குப் பின்னால இருக்காம். நான் நேற்றே சொல்லிவிட்டனான்."

"உங்கட இனிச் சரிவராது அன்ரி. அதுவும் இதுவும் ஒண்டுதான், சேர்ந்து இன்னும் ஏறும். அதோட உங்களிட்ட இருக்கிற கடைசி அது. எடுத்தா நீங்கள் இந்த நாட்டில இருக்க ஏலாது." பிறகு இலேசாகச் சொன்னான். "எந்த நாட்டிலயும் எண்டு சொல்லலாம்."

"அப்ப என்ன செய்யிறது?" என்றார் மச்சாள்.

"மரம் ஏற்கிற சொந்தமா இருக்க வேணும். வயசு குறைவா இருக்க வேணும். குளிரில வளர்ந்த உடம்பெண்டா இன்னும் நல்லம்."

யாரும் இயலினியின் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மச்சாள் போய் அவளுடைய தோளில் கை போட்டார். "வடக்கில பனிக்குள்ள கிடத்தி வளர்த்தது ஒரு நன்மைக்குத்தான், பாருங்கோவன்."

"நோகுமோ?" என்று இயலினி நிவேதனைக் கேட்டாள்.

"சின்ன வெட்டு. மயக்கித்தான் செய்யிறது."

"அப்ப பிரச்சினையில்லை. மாமி, நீங்கள் சொன்ன மேல் அறை?"

"உனக்குத்தானம்மா. கட்டில் கூடப் பாத்திட்டன்."

சுகந்தினிக்கு எல்லாம் கொஞ்சம் தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. பால் என்று பிள்ளை சொன்னது சரியா? அவள் நேர்மையாகவே யோசித்துப் பார்த்தாள். பாலும் அவளுடைய உடம்பில் இருந்து வந்ததுதான். அதுவும் சூடாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது பிள்ளை குடித்து முடித்ததும் வாயை எடுத்துவிடும். வயிறு நிறைந்த கிறக்கத்தில் தலை சரியும். இந்த வீட்டில் யாருக்கும் அப்படி நிறையவில்லை.

மகளின் பிடரியைப் பார்த்தாள். மயிர் மேலே அள்ளப்பட்ட இடத்துக்குக் கீழே, கழுத்தின் நடுவில், மெல்லிய பூனைமயிர். அந்தத் தோல் தண்டைச் சுற்றிக் கிடக்கும். காலையில் யாராவது துணியோடு ஏறித் துடைக்க வேண்டும். யாராவது சிரைத்துவிட வேண்டும். பார்க்க வருகிறவர்கள், தொடலாமோ என்று கேட்டுவிட்டுத் தொடுவார்கள். கேட்காமலும் தொடுவார்கள். தை மாதத்துக் காலையொன்றில் நகுலன் வந்து, இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தைச் சாய்ப்பான். அது சிவக்கும்.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்ச பாரும் சுகந்தி" என்றார் மச்சாள். குரல் தணிந்திருந்தது. "உம்மைக் கட்டாயப்படுத்துறன் எண்டு நினையாதையும். கீழ்வீட்டை என்ரை மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நீங்கள் இருக்கிறியள், மரத்தைப் பாக்கிறியள் எண்டு சொல்லித்தான் அவனை மறிச்சு வச்சிருக்கிறன். மரம் இல்லையெண்டா நான் அவனுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"விளங்குது மச்சாள்."

"விளங்கினாச் சரி. நீர் நல்ல பிள்ளை."

நிவேதன் கைபேசியை எடுத்துத் திரையைத் தட்டினான். "பதினெட்டு ஆகாதபடியால தாய் தகப்பன் ரெண்டுபேரும் வாயால சம்மதம் சொல்ல வேணும். அண்ணை நேற்றே சொல்லிப்போட்டார். நீங்களும் சொன்னா இண்டைக்கே பதிஞ்சிடலாம்."

சுகந்தினி திரும்பினாள். நகுலன் கண்ணாடிக்கு வெளியே, புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்கிறானா, அதற்கு முன்பா? அவள் தன் இடுப்பைக் கொடுக்கச் சம்மதித்தபோது அவனுடைய முகம் ஏன் பாதியில் நின்றது என்று இப்போது தெரிந்தது. இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறான். கோபம் வருமென்று பார்த்தாள். வரவில்லை. தட்டில் மயிர் கிடந்த சோற்றைத் தள்ளி வைக்கிறபோது யாருக்குக் கோபம் வருகிறது?

"'ஓம், சம்மதம்' எண்டு சொன்னாப் போதும் அன்ரி" என்று நிவேதன் கைபேசியை அவளுடைய வாய்க்குக் கிட்டப் பிடித்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு நடுங்காமல் நேராக நின்றது.

"சொல்லுமப்பா" என்றான் நகுலன், புல்லைப் பார்த்தபடியே.

"அம்மா, எனக்கு ஓகேதான். சொல்லுங்கோ" என்றாள் இயலினி.

"இல்லை" என்றாள் சுகந்தினி.

கோடு சற்று அசைந்து மறுபடி நேராகியது. கைபேசிக்குள் இருந்து நோர்வேக்காரர் தமிழ் படித்ததுபோல ஒரு பெண்குரல் வந்தது. "உங்கள் சம்மதம் பதிவாகவில்லை. தயவுசெய்து மீண்டும் சொல்லவும்."

நிவேதன் அவளைப் பார்த்தான். மச்சாளின் கை இயலினியின் தோளில் இறுகியது. நகுலன் இப்போது திரும்பியிருந்தான்.

சுகந்தினி கைபேசியின் பக்கம் கொஞ்சம் குனிந்து, அதே சொல்லை அதே குரலில் இன்னொரு தரம் சொன்னாள்.